செஞ்சிக்குப் போனோம், ராஜகிரி ஏறவில்லை

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்குத் தாம்பரத்திலிருந்து கிளம்புவதாகத் திட்டம். கிளம்பியது எட்டரைக்கு. யாரால் தாமதம் என்று எழுதினால் தங்கை இனிமேல் சோறு போட மாட்டாள், அதனால் விட்டுவிடுகிறேன்.

வண்டியில் மூன்று பேர். தங்கை வீட்டுக்காரர் ஓட்டினார், நான் பக்கத்தில், மருமகன் பின்சீட்டில். அவன் ஆறாவது படிக்கிறான். 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதில் தமிழ்நாட்டுக் கோட்டை செஞ்சி ஒன்றுதான். அதைக் கேள்விப்பட்டதிலிருந்து நச்சரிப்பு. சிவாஜி பிடித்தது 1677, முகலாயத் தளபதி ஜுல்பிகர் கானின் முற்றுகை 1690 முதல் 1698 வரை, எல்லாம் மனப்பாடம். “ஜுல்பிகர் கான் எட்டு வருஷம் வெளியிலேயே நின்னாரு மாமா, நான் ஒரு மணி நேரத்துல ஏறிக் காட்டுறேன்” என்று வழியெல்லாம் சவால்.

மதுராந்தகம் ஏரியை வண்டியில் இருந்தபடியே பார்த்துக்கொண்டோம். மேல்மருவத்தூரைத் தாண்டி அச்சிறுபாக்கத்தை நெருங்கும்போது இடதுபக்க முன்சக்கரம் எதன் மேலோ ஏறி இறங்கியது. டப் என்று ஒரு சத்தம், பிறகு தடதட.

வண்டி படுத்துக்கொள்ள இதைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. திரிபுரத்தை எரிக்கப் புறப்பட்ட சிவபெருமான் பிள்ளையாரை நினைக்காமல் கிளம்பியதால் தேரின் அச்சு இற்றுப்போன இடம் இதுதான் என்பது தலபுராணம். அச்சு இறு பாக்கம். “சாமி தேருக்கே அந்தக் கதின்னா நம்ம வண்டி எம்மாத்திரம், மாப்பிள்ளை” என்றேன். அவர் சிரிக்கவில்லை. டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைத் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். கட்டைவிரலால் அமுக்கினால் உள்ளே போகிறது. வண்டி வாங்கிய நாளிலிருந்து அதற்குக் காற்று அடித்ததே இல்லையாம். “அதை யாரு மச்சான் பாக்குறாங்க?” என்று என்னையே கேட்டார். நியாயமான கேள்விதான். நானும் என் வண்டியில் பார்த்ததில்லை.

அரை மணி நேரம் கழித்து ஒரு லாரி ஓரங்கட்டியது. ஓட்டுநர் இறங்கி ஸ்டெப்னியை ஒரு எட்டு பார்த்தார். “காத்துதானே சார், இருங்க” என்று சீட்டுக்குப் பின்னாலிருந்து நீளமான ரப்பர் குழாயை உருவினார். லாரிக்கு பிரேக் பிடிப்பதே காற்றால்தான். இன்ஜின் ஓடும்போது கம்ப்ரசர் காற்றை அமுக்கி டேங்கில் நிரப்பிக்கொண்டே இருக்கும். அந்த டேங்கில் குழாயின் ஒரு முனையை மாட்டி, மறுமுனையை ஸ்டெப்னி வால்வில் அழுத்திப் பிடித்தார். புஸ்ஸென்று சத்தம். சக்கரம் மெல்ல உப்பி வருவதை மருமகன் குத்தவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். மீட்டர் கீட்டர் எதுவும் கிடையாது. முஷ்டியால் இரண்டு குத்து குத்திப் பார்த்து “போதும்” என்றார். பணம் கொடுத்தால் வாங்கவில்லை. “திண்டிவனம் வரைக்கும் அம்பதுக்கு மேல போகாதீங்கண்ணே” என்று மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அம்பதுக்கு மேல் போகவில்லை. திண்டிவனத்தில் பாதிக் கடைகளுக்கு ஞாயிறு விடுமுறை. திறந்திருந்த ஒரு கடையில் டயரைத் திருப்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள். தரையில் உருளும் பகுதியில் ஆணி ஏறியிருந்தால் ரப்பர் திரியைச் செருகி அடைத்துவிடலாம். இது பக்கவாட்டில் கிழிசல், ஒட்டவே கூடாது, புது டயர்தான். அது வேறு கடையிலிருந்து வரவேண்டும், கொண்டுவரப் போனவர் சாப்பிட்டுவிட்டுத்தான் வருவார். சரி, நாங்களும் சாப்பிட்டோம். மற்றபடி அந்த இரண்டரை மணி நேரத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

செஞ்சிக்குள் நுழையும்போது மணி மூன்று இருபத்தைந்து. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகளையும் வளைத்து ஓடும் மதில் தூரத்திலேயே தெரிந்தது. பையன் ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டான். வாசலில் இருந்தவர் அவனைப் பார்த்தே சொன்னார்: “மூணு மணிக்கு மேல ராஜகிரி ஏற விடமாட்டோம் தம்பி. கீழ மட்டும் பாத்துட்டு வாங்க.” ராஜகிரி ஏறக்குறைய 800 அடி, இருட்டில் இறங்கினால் கால் தப்பும். அவர் சொன்னதில் தப்பே இல்லை. கல்யாண மகாலையும் களஞ்சியத்தையும் சுற்றி வந்தோம். பையன் எதையும் பார்க்கவில்லை. தலையை அண்ணாந்து உச்சியையே பார்த்தபடி நடந்தான். “ஜுல்பிகர் கான்கூட கடைசியில ஏறிட்டாரு” என்றான்.

வெளியே டீ குடிக்கும்போதுதான் எனக்குத் திருநாதர்குன்று ஞாபகம் வந்தது. ஊருக்கு வடக்கே, பக்கத்திலேயே இருக்கிற சின்னக் குன்று. பையன் முகத்துக்காகத்தான் போனோம், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஏறுவதற்கு ஏதோ ஒரு மலை.

மேலே போனால் ஒரு பெரிய பாறை, அதன் முகத்தில் இரண்டு வரிசையாகச் சமணர் வணங்கும் தீர்த்தங்கரர்கள், வரிசைக்குப் பன்னிரண்டு பேர். எல்லோரும் உட்கார்ந்த நிலையில், ஒருவரைப் போலவே மற்றவர். வெயில் தணிந்திருந்தது. எங்களைத் தவிர ஒரு ஆடு மட்டும் இருந்தது. டிக்கெட் இல்லை, வாசல் இல்லை. பையன் எண்ணினான். இருபத்துமூன்று என்றான். மறுபடி எண்ணச் சொன்னேன்.

அந்தக் குன்றில் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. “ஐம்பத்தேழ் அனசனம் நோற்ற சந்திரநந்தி ஆசிரிகர் நிசீதிகை.” ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர்விட்ட சமண ஆசிரியர் சந்திரநந்தியின் இடம் என்று பொருள். தமிழ்க் கல்வெட்டுகளில் ‘ஐ’ என்ற எழுத்து முதன்முதலாகத் தென்படுவது இதில்தான் என்று கல்வெட்டு ஆய்வாளர்கள் சொல்வார்கள். ஐம்பத்தேழில் வருகிற அதே ஐ.

“அம்பத்தேழு நாளா? ஒண்ணுமே சாப்பிடாமலா?”

“ஆமா.”

“யாராவது முற்றுகை போட்டாங்களா மாமா?”

இல்லை, அவராகவே இருந்தார் என்றேன். அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அங்கிருந்து கோட்டை மலைகள் தெரிந்தன. இந்த முறை அவன் அந்தப் பக்கம் அதிகம் பார்க்கவில்லை. மாப்பிள்ளை ஒரு பாறையில் சாய்ந்து தூங்கிவிட்டிருந்தார்.

இருட்டும் முன் இறங்கிவிட்டோம். திரும்பி வரும்போது அச்சிறுபாக்கம் பலகை கண்ணில் பட்டதும் மாப்பிள்ளை தானாகவே வேகத்தைக் குறைத்தார். ஊரைத் தாண்டும்வரை வண்டியில் யாரும் பேசவில்லை. தாண்டியதும் பின்சீட்டிலிருந்து குரல் வந்தது: “அடுத்த வாரம் பிள்ளையாருக்குச் சொல்லிட்டு அஞ்சரைக்கே கிளம்பலாமா மாமா?”