மதிலுக்குள் ஒரு சபை

தண்டனைக் கைதிகளை வைத்திருக்கும் ஒரு சிறையில் மாதம் ஒருமுறை ஆராதனை நடத்த ஆள் வேண்டும் என்று எங்கள் சபையின் மூப்பர் ஒருவர் சொன்னபோது, பிரசங்கிக்கக் கிடைத்த இன்னொரு மேடையாகவே அதை நான் எடுத்துக்கொண்டேன். முதல் இரண்டு ஆண்டுகள் அப்படித்தான் கழிந்தன. ஆறு பேர் உள்ளே செல்வோம். பாட்டுகளை நாங்களே பாடுவோம். வேதவசனத்தை நாங்களே வாசிப்போம். நான் அரை மணி நேரம் பேசுவேன். ஜெபித்து முடித்து, வாயிலில் கொடுத்து வைத்த அடையாள அட்டைகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு வெளியே வருவோம். எங்கள் ஆண்டறிக்கையில் அதற்குச் 'சிறைச் சபை' என்று பெயரும் இட்டிருந்தோம். ஒரு நாள் ஆராதனை முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த ஆயுள் கைதி ஒருவர், "மாதத்தில் நீங்கள் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் யார், ஐயா?" என்று கேட்டார். அவர் குறை சொல்லவில்லை. விடை தெரியாமல்தான் கேட்டார். எனக்கும் விடை தெரியவில்லை. நான் இங்கே எழுதுவது அந்தக் கேள்விக்குப் பிறகு நடந்தவற்றைத்தான்.

வெளியிலிருந்து மாதம் ஒருமுறை வந்து போவதற்கு அனுமதி பெறுவது எளிது. உள்ளே இருப்பவர்கள் தாங்களாகவே வாரந்தோறும் கூடி ஆராதிப்பதற்கு அனுமதி பெறுவது வேறு வகையான காரியம். ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2015-ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட, நெல்சன் மண்டேலா விதிகள் என்று அழைக்கப்படும், கைதிகளை நடத்துவதற்கான குறைந்தபட்ச விதிகளில் 65, 66 ஆகிய இரண்டும் சமய வாழ்வு பற்றியவை. ஒரு சமயத்தைச் சேர்ந்தவர்கள் போதிய எண்ணிக்கையில் இருந்தால் அவர்களுக்குத் தகுதியான சமயப் பிரதிநிதி ஒருவர் நியமிக்கப்படவோ அங்கீகரிக்கப்படவோ வேண்டும் என்றும், எந்தக் கைதியாவது அப்படிப்பட்டவரைச் சந்திக்க விரும்பாவிட்டால் அந்த மனப்பான்மை முழுமையாக மதிக்கப்பட வேண்டும் என்றும் 65 சொல்கிறது. நடைமுறைக்கு இயன்ற அளவில் ஆராதனையில் கலந்துகொள்வதற்கும் சமய நூல்களை வைத்துக்கொள்வதற்கும் 66 இடமளிக்கிறது. இவற்றையெல்லாம் வழக்கறிஞரைப்போல மேற்கோள் காட்டி நான் எழுதிய முதல் மனு, ஒரு வரி பதிலோடு திரும்பி வந்தது. இரண்டாவது மனுவில் உரிமை என்ற சொல்லே இல்லை. எத்தனை பேர் வருவார்கள், எந்த அறை, எந்த நேரத்தில் தொடங்கி ஆள் கணக்கெடுப்புக்கு எவ்வளவு முன்பாக முடிப்போம், எந்தப் பகுதியிலிருந்து எவர் வழியாக அழைத்து வரப்படுவார்கள், அந்த நேரத்தில் காவலர் ஒருவருக்குக் கூடுதல் வேலை ஏற்படாமல் இருக்க என்ன செய்யலாம் என்று மட்டுமே எழுதினேன். அது ஏற்றுக்கொள்ளப்பட்டது. விதிகளை அறிந்திருப்பது வீண் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மனுவைப் படிப்பவருக்கு அன்றைய கவலை கணக்கெடுப்புதான்.

பாதுகாப்புப் பயிற்சியைப் பற்றி நீளமாக எழுதத் தேவையில்லை. கைதிகளின் சீருடை நிறத்தில் உடுத்தக் கூடாது, கைப்பேசி கொண்டுபோகக் கூடாது, எவருடைய கடிதத்தையும் வெளியே எடுத்து வரக் கூடாது, எவருக்கும் எதையும் வாக்களிக்கக் கூடாது. புதிதாக வரும் தன்னார்வலர்கள் கடைசியாகச் சொன்ன விதியில்தான் விழுவார்கள். "உங்கள் மகளைப் போய்ப் பார்க்கிறேன்" என்று எங்களில் ஒருவர் இரக்கத்தில் சொல்லிவிட்டுப் போகாமல் இருந்ததால், அந்தக் கைதி நான்கு மாதங்கள் ஆராதனைக்கு வரவில்லை. தப்பித்தல் பற்றியோ ஒருவருக்குத் தீங்கு செய்வது பற்றியோ எவராவது சொன்னால் நாங்கள் அதை மறைத்து வைக்க முடியாது என்பதையும் முதல் சந்திப்பிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுவது எங்கள் வழக்கம். போதகரிடம் சொன்னது போதகரோடு போகும் என்று நம்பி ஒருவர் பேசிய பிறகு அதைச் சொல்வது துரோகமாகிவிடும்.

வாரக் கூடுகை தொடங்கியபோது நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் அறையைவிட்டு ஒரு மணி நேரம் வெளியே வருவதற்காகவும், வேறு பகுதியில் இருக்கும் நண்பனைப் பார்ப்பதற்காகவும் வந்தவர்கள். நான் முதலில் அதை எண்ணி மனம் கசந்தேன். பிறகு, வெளியே இருக்கும் எங்கள் சபையிலும் ஒருவரையொருவர் பார்க்கத்தானே பலர் வருகிறார்கள் என்று தோன்றியதும் கசப்பு குறைந்தது. ஆயினும் ஒரு காரியத்தில் உறுதியாக இருந்தோம்: பரோல் விசாரணையில் காட்டுவதற்காக நன்னடத்தைச் சான்று கேட்டவர்களுக்கு நாங்கள் அதை எழுதிக் கொடுக்கவில்லை. அதிகாரிகள் கேட்டால் வருகையைச் சொல்லுவோம், அவ்வளவுதான். இந்தச் செய்தி பரவியதும் எண்ணிக்கை பதினெட்டாகக் குறைந்தது. அந்தப் பதினெட்டுப் பேரோடுதான் சபை தொடங்கியது என்று நான் கணக்கு வைத்திருக்கிறேன்.

நாங்கள் அதிகக் காலம் தடுமாறியது பொறுப்பாளர்களை ஏற்படுத்துவதில்தான். மூப்பர்கள் இல்லாமல் சபை நிற்காது என்பது என் எண்ணம். ஒரு கைதிக்கு மற்றொரு கைதியின்மேல் அதிகாரம் இருக்கக் கூடாது என்பது சிறையின் எண்ணம். சிறையின் எண்ணத்திற்கு நல்ல காரணம் உண்டு. கைதிகளைக் கொண்டே கைதிகளை அடக்கியாண்ட இடங்களில் நடந்த கொடுமைகள் சிறை வரலாற்றில் நிறைய இருக்கின்றன. எந்தக் கைதியையும் ஒழுங்கு நடவடிக்கைக்குரிய பொறுப்பில் அமர்த்தக் கூடாது என்று மண்டேலா விதிகளில் 40-ஆவது விதியும் சொல்கிறது. அதே விதி, மேற்பார்வையின்கீழ் கைதிகள் குழுக்களாகச் சமூக, கல்விச் செயல்பாடுகளைப் பொறுப்பேற்று நடத்துவதற்குத் தடையில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறது. அந்த இடைவெளியில்தான் எங்களுக்கு வழி கிடைத்தது. 'மூப்பர்' என்ற பெயரைக் கைவிட்டு, 'பணிவிடைக்காரர்' என்ற பெயரை வைத்தோம். ஐந்து பேரைச் சபையாரே தெரிந்தெடுத்தார்கள். எவரையும் கூட்டத்திலிருந்து விலக்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. வாசிப்பது, பாட்டைத் தொடங்குவது, புதிதாக வந்தவருக்கு அருகில் அமர்வது, நோயுற்றவர் பெயரைச் சொல்லி ஜெபிப்பது ஆகியவை மட்டுமே அவர்களுடைய வேலை. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள அங்கோலா சிறையில் 1995-இல் ஓர் இறையியல் கல்லூரியின் பாடத்திட்டம் தொடங்கப்பட்டு, அதில் தேறிய கைதிகளே ஊழியம் செய்து வருகிறார்கள் என்பதைப் படித்தபோது எனக்குப் பொறாமை எழுந்தது உண்மைதான். எங்களிடம் இருந்தது வாரத்துக்கு ஒன்றரை மணி நேரமும், கெட்டி அட்டை கிழிக்கப்பட்ட பன்னிரண்டு வேதாகமங்களும் மட்டுமே. கெட்டி அட்டைக்குள் எதையும் மறைக்கலாம் என்பதால் அந்த அட்டைகளை வாயிலிலேயே கிழித்துவிடுவார்கள்.

பணிவிடைக்காரர்களுக்கான முதல் பாடமாக, பவுல் பிலேமோன் என்பவருக்கு எழுதிய கடிதமான பிலேமோன் நிருபத்தைப் புதிய ஏற்பாட்டிலிருந்து எடுத்தேன். ஒரே அதிகாரம், இருபத்தைந்து வசனங்கள்; எழுதியவரே சிறையில் இருந்தவர்; பிலேமோனின் அடிமையான ஒநேசிமுவைத் தம் கட்டுகளில் பெற்ற பிள்ளை என்று அவர் அழைக்கிறார். இதைவிடப் பொருத்தமான பாடம் இல்லை என்று எண்ணிப் போனேன். நான் ஆறுதலைப் பற்றிப் பேச விரும்பினேன். அவர்கள் கடனைப் பற்றிப் பேசினார்கள். ஒநேசிமு மனந்திரும்பியவனாக இருந்தும் பவுல் ஏன் அவனைப் பிலேமோனிடமே திருப்பி அனுப்பினார் என்று ஒருவர் கேட்டார். அவன் ஏதாவது கடன்பட்டிருந்தால் அதை என் கணக்கில் வைத்துக்கொள்ளும் என்று பவுல் எழுதுகிறாரே, உயிரைக் கடன்பட்டவனுடைய கணக்கை எவர் ஏற்பது என்று மற்றொருவர் கேட்டார். கேட்டவர் கொலைக் குற்றத்திற்காகத் தண்டனை பெற்றவர். சிலுவையைக் காட்டி உடனே விடை சொல்லிவிட என் நாவு எழுந்தது. ஆனால் இறந்தவருடைய தாய் இன்னும் உயிரோடிருக்கிறார் என்பதை அவர் அடுத்த வாக்கியத்தில் சொன்னதால் நான் பேசவில்லை. அந்த நிருபத்திலேயே ஏழு வாரங்கள் இருந்தோம். தேவனிடம் பெற்ற மன்னிப்பைக் காட்டி மனிதரிடம் பட்ட கடனை ஒருவரும் தள்ளிவிடக் கூடாது என்பதை அந்தச் சபை எனக்குக் கற்றுக்கொடுத்தது. அதற்கு முன்பு நான் அப்படிப் பிரசங்கித்ததில்லை.

சடங்குகளைப் பொறுத்தவரை, மதுவுக்கு அனுமதியில்லாததால் திராட்சைச் சாற்றையும், கண்ணாடிக்கு அனுமதியில்லாததால் காகிதக் கோப்பைகளையும் கொண்டு திருவிருந்தை நடத்தினோம். முழுக்கு ஞானஸ்நானத்துக்குத் துணி துவைக்கும் இடத்திலிருந்த பெரிய தொட்டியை ஓர் அதிகாரி அவராகவே காட்டிக் கொடுத்தார். குழந்தைப் பருவத்தில் பெற்ற ஞானஸ்நானம் செல்லுமா என்ற சண்டை உள்ளேயும் வந்தது. பல சபைப் பிரிவுகளைச் சேர்ந்தவர்கள் ஒரே அறையில் கூடும்போது அது வராமல் இராது. அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்தை அறிக்கையிடுகிற எவரும் அங்கத்தினர், மற்றவை அவரவர் மனச்சாட்சி என்று முடிவு செய்தோம். காணிக்கை எடுக்க வழியில்லை. சோப்பு போன்ற பொருள்களைக் கொடுத்து வாங்குவதும், கடனுக்கும் மிரட்டலுக்கும் இடமாகும் என்பதால், தடைசெய்யப்பட்டிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கடிதம் வாசித்துக் காட்டுவதையும் எழுதிக் கொடுப்பதையும் காணிக்கையாக வைத்துக்கொள்ளலாம் என்று பணிவிடைக்காரர்களில் ஒருவர் சொன்னார். இன்றுவரை அதுவே அங்கே காணிக்கை.

சபை உடையும் நிலைக்கு வந்தது நான்காம் ஆண்டில். குழந்தைக்கு எதிரான குற்றத்திற்காகத் தண்டனை பெற்ற ஒருவர் ஆராதனைக்கு வரத் தொடங்கினார். சிறைக்குள் குற்றங்களுக்கும் ஒரு சாதி அடுக்கு உண்டு. அதில் அடியிலும் அடியில் வைக்கப்படுபவர்கள் அத்தகையவர்கள். அவர் அமர்ந்த வரிசையிலிருந்து அனைவரும் எழுந்து போனார்கள். இரண்டு பணிவிடைக்காரர்கள் விலகுவதாகச் சொன்னார்கள். நான் பிரசங்கத்தால் சரிசெய்ய முயன்றேன், அது நிலைமையை மோசமாக்கியது. வெளியே வீட்டுக்குப் போய்விடுகிறவன், அவரோடு ஒரே கூரையின்கீழ் இருப்பவர்களிடம் அன்பைப் பற்றிப் பேசுவது அவர்களுக்கு எப்படி ஒலித்திருக்கும் என்பது பிறகுதான் புரிந்தது. கடைசியில், நாற்காலி அடுக்கிய அந்த ஆயுள் கைதி, ஒரு வார்த்தையும் சொல்லாமல் மூன்று வாரங்கள் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் அமர்ந்தார். அதனால் அவர் தம் பகுதியில் அவமானப்படுத்தப்பட்டார் என்பதைக் காவலர் ஒருவர் வழியாக அறிந்தேன். அந்த வரிசை மெதுவாக நிரம்பியது. சிலர் திரும்பி வரவேயில்லை. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், ஏனெனில் அவர்களில் ஒருவர் சிறுவயதில் அத்தகைய குற்றத்திற்கு ஆளானவர்.

2020-ஆம் ஆண்டு பெருந்தொற்றினால் வெளியாட்கள் எவரும் உள்ளே செல்ல முடியாமல் போனது. எங்கள் வருகை நின்றது. சிறிது காலம் அவர்களுடைய கூடுகையும் நின்றது. எல்லாம் முடிந்தது என்று நான் எண்ணியிருக்க, அவரவர் அறையிலிருந்தே மாலையில் குறித்த ஒரு நேரத்தில் ஒரே சங்கீதத்தை வாசிப்பது என்று பணிவிடைக்காரர்கள் ஏற்பாடு செய்துகொண்டார்கள் என்று பிறகு தெரியவந்தது. நாங்கள் மறுபடியும் உள்ளே சென்ற நாளில் ஆராதனையை அவர்களே நடத்தினார்கள். எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். இன்றும் பத்து நிமிடம்தான்.

சபையைத் தொடங்குவதைவிட அதை நிலைநிறுத்துவதில்தான் எனக்கு அதிக வேலை இருக்கிறது, அதற்குக் காரணம் இடமாற்றம். எந்த அறிவிப்பும் இல்லாமல் ஒருவர் வேறு சிறைக்கு அனுப்பப்படுவார். ஒரே ஆண்டில் ஐந்து பணிவிடைக்காரர்களில் மூவரை இழந்தோம். அதன் பிறகு ஒவ்வொரு பணிவிடைக்காரரும் தமக்குப் பக்கத்தில் ஒருவரைப் பழக்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்று வைத்தோம். விடுதலையாகிறவர்களைப் பொறுத்தவரை எங்கள் தோல்வி பெரிது. அறிமுகக் கடிதத்தோடு ஒருவரை அவருடைய வீட்டுக்கு அருகிலிருந்த ஒரு சபைக்கு அனுப்பினோம். மூன்றாம் வாரம் அவர் வேறு இடம் பார்த்துக்கொண்டால் நல்லது என்று சொல்லப்பட்டது. இப்போது விடுதலைக்கு ஆறு மாதங்களுக்கு முன்பே ஒரு சபையின் பொறுப்பாளர்களைச் சந்திக்கிறோம். குழந்தைகள் இருக்கும் இடங்களில் வரம்புகள் தேவைப்படுகிறவராக இருந்தால் அவருடைய சம்மதத்தோடு அவற்றை எழுத்தில் வைக்கிறோம்; வாயிலில் சந்திப்பதற்கு இரண்டு பேரை ஏற்படுத்துகிறோம். இந்த முறையில் அனுப்பிய ஒன்பது பேரில் ஆறு பேர் அந்தந்தச் சபைகளில் தொடர்கிறார்கள். ஒருவர் மறுபடியும் சிறைக்கு வந்து, கடைசி வரிசையில் அமர்ந்திருக்கிறார்.

அதே வளாகத்தின் பெண்கள் பகுதியில் வாரக் கூடுகைக்கு அனுமதி கேட்டுச் சென்ற மாதம் மனு கொடுத்திருக்கிறோம். அதை எழுதியவர்கள் எங்கள் சபையின் இரண்டு சகோதரிகள். கணக்கெடுப்பு நேரத்தை முதல் பத்தியிலேயே எழுதும்படி மட்டும் நான் சொன்னேன்.