அஜந்தா 10-ஆம் குகையின் வெள்ளை யானை

அஜந்தாவில் சொந்த வண்டி குகை வரை போகாது. ஃபர்தாபூர் அருகே கூட்டுரோட்டில் நிறுத்திவிட்டு, மீதி 4 கிலோமீட்டரை அங்கே ஓடும் பஸ்ஸில் கடக்க வேண்டும். திங்கட்கிழமை விடுமுறை. எல்லாரும் 1-ஆம் குகையிலிருந்து தொடங்குவார்கள். புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகளுக்காக வருபவர்கள் நேரே 10-க்குப் போகலாம். கி.மு. காலத்து ஓவியங்கள் அங்கே இருக்கின்றன. வலப்பக்கச் சுவரில் சத்தந்த ஜாதகம்: புத்தர் ஒரு பிறவியில் ஆறு தந்தமுள்ள வெள்ளை யானையரசனாக இருந்த கதை.

வெயிலிலிருந்து உள்ளே போனதும் சுவர் வெறும் பழுப்பாகத் தெரியும். பத்து நிமிடமாவது நின்று கண்ணை இருட்டுக்குப் பழக்குங்கள். ஃபிளாஷ் கூடாது.

கதையை முன்னதாகப் படித்துவிட்டுப் போவது அவசியம். ஓவியர் நிகழ்ச்சி வரிசைப்படி வரையவில்லை. காட்டில் நடப்பதெல்லாம் ஒரு பக்கம், அரண்மனையில் நடப்பதெல்லாம் இன்னொரு பக்கம். ஒரே யானை திரும்பத் திரும்ப வரும். அதைப் பல யானைகள் என்று எண்ணினால் கதை பிடிபடாது.

யானையரசன் சால மரத்தை உலுக்குகிறான். ஒரு மனைவி மேல் பூ கொட்டுகிறது, மற்றவள் மேல் சுள்ளியும் சிவப்பெறும்பும். அவன் வேண்டுமென்று செய்ததில்லை. ஆனாலும் அவள் மனம் புண்பட்டது உண்மை. மறுபிறவியில் காசி அரசியாகி, அந்தத் தந்தங்களைக் கேட்டு வேடனை அனுப்புகிறாள்.

ஆறு தந்தங்கள் ஆறு பாரமிதைகள், அதாவது புத்தராவதற்கு நிறைவு செய்யவேண்டிய நற்பண்புகள், என்ற விளக்கத்தை அடிக்கடி கேட்கலாம். அது பிற்கால பௌத்தப் பிரிவான மகாயானத்தின் வாசிப்பு. பாலி மொழி நூல்களைப் பின்பற்றும் பௌத்த மரபில் பாரமிதை பத்து. இந்தச் சுவருக்கு அதைப் பொருத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. கதையின் உயிர் துறவிகள் அணியும் துவராடையில் இருக்கிறது. வேடன் அதைப் போர்த்திக்கொண்டு குழிக்குள்ளிருந்து நச்சம்பு எய்கிறான். கொல்லப் பாய்ந்த யானை ஆடையைக் கண்டதும் நின்றுவிடுகிறது. அணிந்தவன் அதற்குத் தகுதியில்லாதவன் என்று யானைக்குத் தெரியும். ஆனாலும் ஆடைக்குரிய மரியாதையைக் கொடுக்கிறது. வேடனால் தந்தங்களை அறுக்க முடியாமல் போக, ரம்பத்தைத் தும்பிக்கையால் வாங்கித் தானே அறுத்துக்கொடுக்கிறது. இந்தத் தந்தங்களைவிட ஞானமென்னும் தந்தம் தனக்குப் பெரிது என்கிறது.

அரண்மனைப் பகுதியில் அரசி மயங்கிச் சாயும் இடத்தைத் தேடுங்கள். கேட்டது கையில் வந்ததும் நெஞ்சு வெடித்துப் போகிறாள். சுற்றி நிற்பவர்கள் அவளைத் தாங்கும் கைகளில் ஓவியர் காட்டிய பரிவு அபாரமானது. பகை கொண்டவளை இகழும் ஒரு முகம்கூட அங்கில்லை.

இதே கதை 17-ஆம் குகையிலும், கி.பி. 5-ஆம் நூற்றாண்டுப் பாணியில் உண்டு. வெஸ்ஸந்தரன், சிபி, மகாகபி கதைகளும் அங்கே இருப்பதால் அதற்குத் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.