சாட்பாட்டுக்கு ரெண்டாவது அட்மின் வந்தா என்னெல்லாம் மாறும்

டெலிகிராம் பாட் எழுதுற பாதிப் பேரோட கோட்ல அட்மின் ஐடின்னு ஒரே ஒரு நம்பர் இருக்கும், மெசேஜ் போட்டவரோட ஐடி அதோட பொருந்துனா கமாண்ட் ஓடும், இல்லேன்னா ஓடாது, செக்யூரிட்டி அவ்ளோதான். ஒரே ஆள் பாத்துக்கிற வரைக்கும் இதுல குறை சொல்ல ஒண்ணும் இல்ல. ரெண்டாவது ஆளைச் சேக்கணும்னு வந்ததும் எல்லாரும் முதல்ல அந்த நம்பரை லிஸ்ட்டா மாத்துவாங்க. என் பாட்ல இந்த வேலையை இப்பதான் ஒரு வழியா முடிச்சேன். லிஸ்ட் போடுறதெல்லாம் டீக்கு எந்திரிக்கிறதுக்குள்ள முடியுற விஷயம், மிச்ச நேரம் பூரா போனது யாரு எதைச் செஞ்சா, அதே நேரத்துல இன்னொருத்தர் என்ன பண்ணிட்டு இருந்தார்ங்கிற ரெண்டு கேள்விக்குத்தான்.

அட்மினை யூசர்நேம் வெச்சு அடையாளம் பாக்காதீங்க. யூசர்நேமை யாரும் எப்ப வேணாலும் மாத்திக்கலாம், அவர் விட்ட பேரை வேற ஒருத்தர் எடுத்துக்கலாம், எடுத்தவர் அப்பவே உங்க பாட்டுக்கு அட்மின் ஆயிடுவார். ஐடி மாறாது. ஆனா டெலிகிராம் ஐடி இப்பல்லாம் 32 பிட் நம்பர்ல அடங்குறதில்ல, டேட்டாபேஸ்ல ஐடி வெக்கிற நெடுவரிசையை 64 பிட்டாவே வெச்சுடுங்க.

அடுத்தது ஸ்டேட், அதாவது பாட் இப்ப எதுக்காகக் காத்திருக்குங்கிற நினைவு. ப்ராட்காஸ்ட் கமாண்ட் அடிச்சா பாட் "என்ன அனுப்பணும்?"னு கேக்கும், அடுத்து வர்ற மெசேஜை எடுத்து எல்லாருக்கும் அனுப்பும். அந்த "காத்திருக்கேன்"ங்கிற நிலைமையை ஒரு பொது வேரியபிள்ல வெச்சிருந்தா, அட்மின் க்ரூப்ல ஒருத்தர் கமாண்ட் அடிச்சுட்டு வாசகத்தை யோசிச்சுட்டு இருக்கும்போதே இன்னொருத்தர் "அந்த ஸ்பேம் பயலை யாராவது தூக்குங்கப்பா"ன்னு டைப் பண்ணுவார், அது அப்படியே எல்லா யூசருக்கும் போய்ச் சேரும். அதனால ஸ்டேட்டோட கீ சாட் ஐடியும் யூசர் ஐடியும் சேந்ததா இருக்கணும், அனுப்புறதுக்கு முன்னாடி ப்ரிவ்யூ காட்டி ஒருதடவை கேக்கவும் கேக்கணும்.

பட்டன்லதான் நிஜமான கூத்து. ஒரு புகார் வருது, பாட் அதை எல்லா அட்மினுக்கும் தனித்தனியா அனுப்பி, கீழ "விடு", "நீக்கு"ன்னு ரெண்டு பட்டன் வெக்குது. ஒருத்தர் "விடு" அமுக்குறார், அதே நொடியில இன்னொருத்தர் "நீக்கு" அமுக்குறார். முதல்ல படிச்சுப் பாத்துட்டு அப்புறம் எழுதுற மாதிரி கோட் இருந்தா ரெண்டும் நடக்கும். நான் வெச்சிருக்கிறது டேட்டாபேஸுக்கு ஒரே அப்டேட் க்வெரி, புகார் இன்னும் முடிவாகாம இருந்தா மட்டும் மாத்துன்னு கண்டிஷனோட. எத்தனை வரி மாறுச்சுன்னு பாப்பேன், பூஜ்யம் வந்தா "இதை ஏற்கனவே இன்னார் முடிச்சுட்டார்"னு ஒரு பாப்அப். கூடவே மத்தவங்களுக்குப் போன மெசேஜ் ஐடியெல்லாம் சேமிச்சு வெச்சு, முடிவானதும் அங்கெல்லாம் எடிட் பண்ணி பட்டனை எடுத்துடணும். பட்டனுக்குள்ள வெக்கிற கால்பேக் டேட்டா (அமுக்குனா பாட்டுக்குத் திரும்பி வர்ற தகவல்) அதிகபட்சம் 64 பைட்தான், அதனால உள்ள புகார் நம்பரும் செயலும் மட்டும். அப்புறம் க்ரூப்ல இருக்கிற பட்டனை யார் வேணாலும் அமுக்கலாம், அமுக்குறவர் அட்மினான்னு ஒவ்வொரு தடவையும் செக் பண்ணியே ஆகணும். கமாண்ட் மெனுவை ஆளுக்கு ஏத்த மாதிரி மறைக்க வசதி இருக்கு, ஆனா மெனுல இல்லாத கமாண்டையும் கையால டைப் பண்ணலாம்ல.

இதெல்லாம் ஒண்ணும் புதுசு இல்ல. ஐஆர்சிங்கிற பழைய சாட் முறை காலத்து எக்ட்ராப் (Eggdrop) பாட் 1993ல வந்தது, அதுலயே பார்ட்டிலைன்னு ஒண்ணு உண்டு, டெல்நெட்லயோ (தூரத்துல இருந்து கனெக்ட் ஆகுற பழைய முறை) டிசிசி சாட்லயோ (ஐஆர்சில நேரடியா பேசுற வசதி) பாஸ்வேர்ட் போட்டு நிறைய பேர் ஒரே நேரத்துல உள்ள வந்து பேசிக்கிட்டே பாட்டை நடத்தலாம். ஆளுக்கு ஒரு ஃப்ளாக், அதாவது அதிகாரத்தைக் குறிக்கிற எழுத்து, ஓனர்னா n, மாஸ்டர்னா m, ஆபரேட்டர்னா o, அதையும் சேனல் (சாட் ரூம்) வாரியா பிரிச்சுக் குடுக்கலாம். எனக்கு அதுல ரொம்பப் பிடிச்சது கன்சோல் கமாண்ட், யாருக்கு எந்த வகை மெசேஜ் தெரியணும்னு அவங்கவங்களே வெச்சுக்கலாம். அந்த ஐடியாவை அப்படியே சுட்டுட்டேன். புகார் மட்டும் போதும்னு ஒருத்தர், எரர் மட்டும் அனுப்புன்னு இன்னொருத்தர்.

ரோல் விஷயத்துல நான் கஞ்சன். ஓனர், மாடரேட்டர், சும்மா பாக்குறவர், மூணோட நிறுத்திட்டேன். இருபது டிக்பாக்ஸ் வெச்ச பெர்மிஷன் பக்கத்தை யாரும் ஒழுங்கா செட் பண்றதில்ல, கடைசில எல்லாருக்கும் எல்லாத்தையும் டிக் போட்டுடுவாங்க. கடைசி ஓனர் தன்னையே நீக்கிக்க முடியாதுன்னு ஒரு செக் மட்டும் மறக்காம போடுங்க.

லாக்ல யாரு, என்ன, யார் மேல, எப்போ, முன்னாடி என்ன மதிப்பு இருந்துச்சு, எல்லாம் ஏறும். பாட் வழியா அதை யாராலயும் அழிக்க முடியாது, ஓனராலயும். இதுல இடிக்கிறது அநானிமஸ் அட்மின். க்ரூப்ல பேரை மறைச்சுப் பேசுற அட்மின் கமாண்ட் அடிச்சா, அனுப்புனது க்ரூப்பேன்னு காட்டுற மாதிரிதான் பாட்டுக்கு வரும், உள்ள யாருன்னு தெரியாது. அப்படி வர்ற கமாண்டை என் பாட் செய்யாது, "தனி சாட்ல வந்து சொல்லுங்க"ன்னு பதில் போடும். ரெண்டு அட்மினுக்கு இதுல செம கடுப்பு, ஆனா இதை மட்டும் மாத்துறதா இல்ல.