வாசிக்காமல் இருக்கக் கற்ற பருவம்

சேர்ந்திசைக் குழு ஒன்றின் ஒத்திகைகளில் பியானோ வாசிப்பது என் பணி. கச்சேரியன்று அந்த இடத்தில் இசைக்குழு வந்து அமர்ந்துவிடும், அல்லது பாடகர்கள் வாத்தியமே இல்லாமல் பாடுவார்கள். இரண்டிலும் எனக்கு வேலை இல்லை. நான் இங்கே நினைவுகூரும் பருவத்தில் ஹாண்டல், பிராம்ஸ், பாலஸ்த்ரீனா, ராக்மானினோவ் என்று இசையமைப்பாளருக்கு ஒன்றாக நான்கு நிகழ்ச்சிகள் இருந்தன.

ஹாண்டல் 1741இல் 24 நாட்களில் எழுதி முடித்த ‘மெசையா’ பெரும்பாலோருக்கு முன்பே பழக்கம் என்பதால், அந்த ஒத்திகைகள் விரைவாக நடந்தன. பிராம்ஸின் ‘ஜெர்மன் ரெக்வியம்’ விரல்களை வருத்தியது. இசைக்குழுவுக்கு எழுதிய அப்படைப்பை நான்கு கைகள் வாசிக்கும்படி பிராம்ஸே பியானோவுக்கு மாற்றியிருக்கிறார்; எனக்கோ இருப்பவை இரண்டு. மூன்றாம் பகுதியின் இறுதியில் குரல்கள் ஒன்றையொன்று துரத்த, அடியில் ‘டி’ என்னும் ஒரே சுரம் கடைசிவரை நின்று ஒலிக்க வேண்டும். 1867இல் வியன்னாவில் அப்பகுதியை முதன்முதலாக நிகழ்த்தியபோது, டிம்பனி என்னும் பெருமுரசை வாசித்தவர் அந்தச் சுரத்தை ஓங்கி அடித்துப் பாடலையே மூழ்கடித்துவிட்டார். நானும் முதல் வாரம் அதே தவற்றைச் செய்தேன்.

பாலஸ்த்ரீனாவின் ஆறு குரல் திருப்பலி இசைக்கு வந்தபோது, முதல் சுரத்தைக் கொடுத்துவிட்டுப் பியானோவை மூடிவிடுமாறு எங்கள் நடத்துநர் சொன்னார். எனக்கு உள்ளூர வருத்தம்தான், ஆனால் காரணம் நியாயமானது. பன்னிரண்டு அரைச்சுரங்களும் சம இடைவெளியில் அமையும்படி பியானோவுக்குச் சுருதி கூட்டுவதால், நாம் அந்தர காந்தாரம் என்று சொல்லும் சுரம் அதில் இயல்பான இடத்தைவிட ஏறத்தாழ 14 சென்ட் உயர்ந்து நிற்கிறது. அரைச்சுரம் என்பது 100 சென்ட் ஆகையால் இது சிறிய அளவே என்றாலும், அசைவின்றி நீளும் குரல்களில் அந்த உரசல் காதுக்குத் தெரிந்துவிடும். பியானோவைப் பிடித்துக்கொண்டு பாடிப் பழகியவர்களோ ஒருவர் குரலை ஒருவர் கேட்பதையே விட்டுவிடுகிறார்கள்.

விட்டால் என்ன ஆகும் என்பது ராக்மானினோவில் தெரிந்தது. அவர் 1915இல் எழுதிய ‘முழு இரவு வழிபாடு’ முற்றிலும் வாத்தியமற்றது. அதன் ஐந்தாம் பகுதியின் முடிவில் பாஸ் எனப்படும் தாழ்ந்த ஆண் குரல்கள் படிப்படியாக இறங்கி, மிகத் தாழ்ந்த ‘பி ஃப்ளாட்’டைத் தொட வேண்டும். ஓர் ஒத்திகையில் அந்தக் கடைசிச் சுரத்தில் வெறும் காற்றுதான் வந்தது. நான் ‘பி ஃப்ளாட்’ கட்டையைத் தட்டிப் பார்த்தேன். குழு முழுவதும் அரைச்சுரம் கீழே போயிருந்தது. இறங்கும் படிகளைச் சற்றுப் பெரிதாகவும் ஏறும் படிகளைச் சற்றுச் சிறிதாகவும் எடுத்ததன் கூட்டுவிளைவு அது. பியானோதான் பிழைபோல எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்! அடுத்த வாரங்களில் ஒவ்வொரு குரல் வரிசையும் மற்றொன்றின் அருகே சென்று நின்று, மிக மெல்லப் பாடிப் பழகியது. நான் மூடிய பியானோவின் முன் கைகட்டி உட்கார்ந்திருந்தேன்.

நிகழ்ச்சியன்று கடைசி வரிசையில் அமர்ந்து, ஐந்தாம் பகுதி முடிந்ததும் சட்டைப்பையில் வைத்திருந்த இசைக்கவையை முழங்காலில் தட்டிக் காதருகே பிடித்தேன். சுருதி ஒரு மயிரிழை இறங்கியிருந்தது. ஆனால் எல்லாக் குரல்களும் ஒன்றாகவே இறங்கியிருந்தன, பாஸின் கடைசிச் சுரமும் தெளிவாகக் கேட்டது. இசைக்கவையைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். நடத்துநரிடம் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.