வலிக்குதா என்று கேட்டதுதான் தப்பு

நைனாவுக்கு 2011-ல் மாரடைப்பு வந்தபோது யாருக்கும் சந்தேகமே இல்லை. தறியில் உட்கார்ந்திருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். இடது கை இழுக்கிறது என்றார். எங்கள் குடியாத்தம் தெருவே கூடிவிட்டது. எதிர்வீட்டு அண்ணன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆட்டோ பிடிக்க ஓடினார்.

அம்மாவுக்கு வந்தபோது யாரும் ஓடவில்லை.

2019 மே மாதம். ஊர்த் திருவிழாவான கெங்கையம்மன் சிரசுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள், வெளியே கத்திரி வெயில். அம்மாவுக்கு 61 வயது, 12 வருஷமாகச் சர்க்கரை. காலையிலேயே தாடை வலி என்றாள். கடைவாய்ப் பல்லாக இருக்கும் என்று அவளே சொல்லிக்கொண்டாள். மதியம் முதுகில், இரண்டு தோளுக்கும் நடுவே பிடிப்பு. குடம் தூக்கியிருப்பாள் என்றோம். வேர்த்தது. மே மாதக் குடியாத்தத்தில் யாருக்குத்தான் வேர்க்காது? சாயங்காலம் குமட்டல் வந்ததும் வாயுதான் என்று முடிவு கட்டி, சித்தி ஓமத் தண்ணி காய்ச்சிக் கொடுத்தாள்.

அதற்கும் கேட்காததால் பக்கத்துத் தெரு கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். "நெஞ்சு வலிக்குதாம்மா?" என்று கேட்டார்கள். "இல்ல சார்" என்றாள். கேஸ் மாத்திரை, ஒரு ஊசி. ஈசிஜி எடுக்கவில்லை. எடுங்கள் என்று எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ராத்திரி தோட்டத்திலிருந்து வாசல்வரை வருவதற்குள் இரண்டு முறை உட்கார்ந்தாள். "இன்னாடி, மூச்சு வாங்குது, படுத்தா சரியாப் பூடும்." அப்போதுதான் 108-ஐக் கூப்பிட்டேன். பெண்களுக்கு வைத்தியம் பார்க்கவென்றே டாக்டர் ஐடா ஸ்கடர் 1900-ல் வந்து உட்கார்ந்த வேலூர் 30 கிலோமீட்டர் சொச்சத்தில் இருக்க, நாங்கள் ஒரு பகல் முழுக்க ஓமத் தண்ணி காய்ச்சிக்கொண்டிருந்திருக்கிறோம்.

வேலூர் ஆஸ்பத்திரியில் போனவுடன் ஈசிஜி, இதயத் தசை பாதித்தால் ரத்தத்தில் ஏறும் ட்ரோபோனின் பார்க்க ரத்தம். சின்ன வயசு டாக்டரம்மா ஒருவர் குனிந்து, "வலியை விடுங்க. நெஞ்சுல பாரமா, இறுக்கமா ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

"அம்மிக்கல்ல தூக்கி மேல வச்சாப்ல கீதும்மா. காலையிலேர்ந்து."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "எங்ககிட்ட ஏம்மா சொல்லல?" என்றால், "நீங்க வலிக்குதான்னுதானே கேட்டீங்க" என்கிறாள். மூன்று பிள்ளை பெற்றவள். அவள் கணக்கில் வலி என்றால் அதுதான், பாரம் வலியில் சேராது.

ஒரு அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள்.

பெண்களுக்கு மாரடைப்பில் நெஞ்சு வலியே வராது என்று வாட்ஸ்அப்பில் ஒன்று சுற்றுகிறது. அது சரியில்லை என்று அதே டாக்டரம்மா மறுநாள் சொன்னார். ஆண், பெண் இருவருக்குமே அதிகம் வருவது நெஞ்சில் ஏற்படும் தொந்தரவுதான். ஆனால் பெண்களுக்குத் தாடை, கழுத்து, முதுகு, குமட்டல், மூச்சிரைப்பு, காரணமில்லாத அசதி எல்லாம் கூடவே வருவது அதிகம். அந்தக் கூட்டத்தில் நெஞ்சு பின்னால் போய்விடுகிறது. நாள்பட்ட சர்க்கரை இருந்தால் நரம்பு மரத்துப்போய் வலியே மட்டுப்படும். பொதுவாகப் பெண்களுக்கு ஆண்களைவிடச் சில வருஷம் பிந்தித்தான் வருகிறது. மாதவிடாய் நின்றபிறகு ஆபத்து ஏறுகிறது. சிலருக்கு ஆஞ்சியோவில் இதயத்தின் பெரிய ரத்தக் குழாய்கள் சுத்தமாகத் தெரியும், கோளாறு சின்னக் குழாய்களில் இருக்கும். "ஒன்னுமில்லைன்னுட்டாங்களே, எல்லாம் மனசுதான்" என்று வீட்டில் அந்தப் பெண்ணின் வாயை அடைப்பது இதனால்தான்.

இப்போதெல்லாம் காட்பாடியிலிருந்து அம்மாவுக்குப் போன் செய்தால் வலிக்குதா என்று கேட்பதில்லை. நேற்று நடந்த தூரம் இன்றும் நடந்தாயா, நடுவில் எங்கேயாவது உட்கார்ந்தாயா என்று கேட்கிறேன். "இன்னாடி, போலீசு மாதிரி விசாரிக்கற" என்கிறாள். அப்புறம், பூக்கடைத் திண்ணையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்ததாகவும், அது கதை பேசத்தான் என்றும் சொல்கிறாள்.