ஏழாம் கட்டில்

நவம்பர் 6
புதுச்சேரி. ஐப்பசி அடைமழை. ஏழாம் கட்டிலில் 23 வயதுப் பெண், 102 டிகிரி. உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் லூபஸ் உள்ளவருக்குக் காய்ச்சல் வந்தால் முதல் கேள்வி: நோய் சீறுகிறதா, கிருமி புகுந்ததா? முன்னதற்கு ஸ்டீராய்டைக் கூட்ட வேண்டும். பின்னதில் யோசிக்காமல் கூட்டினால் உயிர் போய்விடும். வெள்ளையணு 2,600, லூபஸும் குறைக்கும், டெங்குவும் குறைக்கும். ரத்தத்தில் சி3 என்ற எதிர்ப்புப் புரதம் குறைவு. அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. 110. நோய் மட்டும் சீறினால் இன்னோர் அழற்சி அளவான ஈ.எஸ்.ஆர். எகிறும், சி.ஆர்.பி. பெரும்பாலும் இவ்வளவு ஏறாது. நெஞ்சு உறையில் நீர் கோத்தாலோ மூட்டு வீங்கினாலோதான் ஏறும். இவளுக்கு இரண்டும் இல்லை.

கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு இரண்டு கையிலும் தனித்தனியாக ரத்தம் எடுத்தாயிற்று. அதன்பிறகே ஆன்டிபயாடிக். இந்த வரிசை மாறினால் கிருமி என்னவென்றே தெரியாமல் போகும்.

நவம்பர் 7
நேற்றிரவு ஓயாத வாந்தி. பிரஷர் 80/50. அம்மாவிடம் மூன்றாம் முறை கேட்டபிறகு வந்தது பதில்: "மாத்திரைய நிறுத்திட்டோம்மா, பத்து நாளாச்சு."

ப்ரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு, தினம் 20 மில்லிகிராம், எட்டு மாதமாக. முகம் ஊதிவிட்டது, பெண் பார்க்க வருகிறார்கள். அவ்வளவுதான் காரணம். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வரவர, சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பி தூங்கிப்போகும். சட்டென்று நிறுத்தினால் அது உடனே எழுந்து வேலை செய்யாது. அந்த நேரம் பார்த்துக் காய்ச்சலும் வந்தால் வாந்தி, மயக்கம், பிரஷர் சரிவு. அதனால் ஸ்டீராய்டே ஊசியாக: ஹைட்ரோகார்டிசோன் 100 மில்லிகிராம் நரம்பில், பிறகு ஆறு மணிக்கொருமுறை 50, கூடவே சலைன். கிருமி இருந்தாலும் இதை நிறுத்தக் கூடாது. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசாதயோப்ரின் மட்டும் இப்போதைக்கு வேண்டாம். ஹைட்ராக்சிகுளோரோகுவின் தொடரட்டும், அது எதிர்ப்புச் சக்தியைக் குலைக்கும் மருந்து இல்லை.

முகம் வடியும் என்று யாராவது முதல் நாளே சொல்லியிருக்கலாம். அளவு குறையக் குறைய வடியும்.

நவம்பர் 8
கல்ச்சரில் சால்மோனெல்லா. சி3, சி4 புரதங்கள் குறைந்த லூபஸ்காரர்களின் ரத்தத்தில் இந்தக் கிருமி எளிதாகப் பரவும். ஆன்டிபயாடிக் இனி செஃப்ட்ரியாக்சோன். ஆக, மூன்றும் ஒரே கட்டிலில்: நோய், கிருமி, அட்ரினல்.

நவம்பர் 9
தூக்கம் இல்லை. மழை.

டொராண்டோவில் மருத்துவர் யூரோவிட்ஸ் 1976-இலேயே சொன்னது: லூபஸ் மரணங்கள் இரண்டு அலையாக வரும். தொடக்க ஆண்டுகளில் நோயின் சீற்றமும் கிருமியும். பல ஆண்டு கழித்து மாரடைப்பு. 1997-இல் வந்த ஓர் ஆய்வில் 35 முதல் 44 வயது லூபஸ் பெண்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு அதே வயதுப் பெண்களைவிட 50 மடங்கு. "நெஞ்சு கரிக்குது" என்று இந்த வயதில் ஒருத்தி வந்தால் வாயுத் தொல்லை என்று அனுப்பிவிடாமல் இ.சி.ஜி. எடுங்கள், தயவுசெய்து.

நம் பக்கத்தில் முதல் அலையில் காசநோயையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கடலூர் வயல்களில் வெறுங்காலோடு நடப்பவர்களுக்கு ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் புழுவையும். குடலில் ஆண்டுக்கணக்கில் சும்மா கிடக்கும். ஸ்டீராய்டு கூடியதும் பெருகி நுரையீரல்வரை போகும். ஐவர்மெக்டின், கிலோவுக்கு 200 மைக்ரோகிராம். ஸ்டீராய்டைக் கூட்டுமுன் நினைவுக்கு வரவேண்டிய மருந்து.

நவம்பர் 10
99. சாப்பிட்டாள். இரண்டு இட்லி.

நவம்பர் 12
பாத்ரூமில் நுரை நிற்கிறதாம், மூன்று வாரமாக. சிறுநீரில் புரதம் 3+. ரத்தத்தில் உப்பு, அதாவது கிரியாட்டினின், 1.6. மூட்டு வலிக்கு மெடிக்கலில் வாங்கிய டைக்ளோஃபினாக் வேறு. சிறுநீரகம் வீங்கியிருக்கும்போது அது இன்னும் கெடுக்கும். வலியில்லாமல் அழிவதால்தான் சிறுநீரகத்தை யாரும் கவனிப்பதில்லை. மாதம் ஒரு சிறுநீர்ப் பரிசோதனை போதும், இதைப் பிடித்துவிடலாம். சிறுநீரில் புரதம்-கிரியாட்டினின் விகிதம் 0.5-ஐத் தாண்டினாலே சிறுநீரகப் பயாப்ஸி பற்றிப் பேச வேண்டும்.

மாத்திரையை எதற்காக நிறுத்தினார்கள் என்பதே மனதில் ஓடுகிறது. பத்து நாள்.

நவம்பர் 14
காய்ச்சல் இல்லை. ப்ரெட்னிசலோன் வாய்வழி. பயாப்ஸியில் லூபஸ் சிறுநீரக அழற்சியின் மூன்றாம் அல்லது நான்காம் வகை என்று வந்தால், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் சைக்ளோஃபாஸ்ஃபமைடு 500 மில்லிகிராம், இரண்டு வாரத்துக்கொன்றாக ஆறு ஊசி. கிருமி முழுக்க அடங்கிய பிறகே.

நவம்பர் 15
காலை ஆறு மணிக்கு 100.8. பிளேட்லெட் 84,000. ரத்தக்கசிவு பயம், பயாப்ஸி தள்ளிப்போகிறது. மறுபடி கல்ச்சர், இரண்டு கையிலும்.