ஒட்டகக் குடும்பம் களிமண்ணில்: நாலாவது மாதம்

இருபதில் ஒரு பங்கு அளவில் ஒட்டக இனங்களைக் களிமண்ணில் செய்து வருகிறேன். மொத்தம் 6 உருவம். இதுவரை 4 முடிந்திருக்கிறது.

முதலில் எடுத்தது நமக்குப் பழக்கமான ஒற்றைத் திமில் ஒட்டகம். மூன்று தடவை செய்தும் திமில் வைத்த மாடு மாதிரியே வந்தது. கழுத்தை நீட்டினேன், மேலுதட்டைப் பிளந்தேன், மாட்டுச் சாயல் போகவே இல்லை. ராஜஸ்தான் ஒட்டகங்களின் பக்கவாட்டுப் படங்களை உற்றுப் பார்த்தபோதுதான் தப்பு பிடிபட்டது. மாட்டுக்குத் தொடையிலிருந்து அடிவயிற்றுக்கு ஒரு தோல் மடிப்பு ஓடும். ஒட்டகத்துக்கு அங்கே வெற்றிடம். பின்னங்கால் இடுப்பருகில் மட்டும் உடம்போடு சேர்கிறது. காலை வயிற்றுக்கடியில் மடக்கி அது படுப்பது இதனால்தான். அந்த இடத்து மண்ணைக் கரண்டிக் காம்பால் சுரண்டி எடுத்தேன். ஒட்டகம் வந்து நின்றது! அன்றைக்குத் தூக்கமே வரவில்லை.

அடுத்தது பொய்ப்ரோதீரியம். சுமார் 3.5 கோடி ஆண்டுகளுக்கு முன் வட அமெரிக்காவில் வாழ்ந்த, ஆட்டளவு ஒட்டகம். மெத்தைப் பாதம் கிடையாது, குளம்புதான். ஒரே மாலையில் முடிந்தது.

ஏபிகாமிலஸ் என்ற அழிந்துபோன ஒட்டகம் பாடாய்ப் படுத்தியது. ஒட்டகச்சிவிங்கி போல நீண்ட கழுத்து. ஒற்றைக் கட்டுக்கம்பி பாரம் தாங்காமல் வளைந்தது. இரட்டையாக முறுக்கினால், காயும்போது மண் சுருங்கிக் கம்பியை ஒட்டியே வெடித்தது. கம்பிமேல் சணல் சுற்றி, ஈரத்துணி மூடி ஐந்து நாள் மெதுவாகக் காயவிட்ட பிறகே நின்றது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது கேமலாப்ஸ். சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முன்புவரை வட அமெரிக்காவில் இருந்தது. அதற்குத் திமில் வைப்பதா, வேண்டாமா? திமிலுக்குள் எலும்பு இல்லை, முழுக்கக் கொழுப்பு, புதைபடிவத்தில் தங்காது. கனடாவின் யூகான் பகுதியில் கிடைத்த எலும்புகளின் மரபணுவை ஆராய்ந்து, அது லாமா என்ற தென் அமெரிக்க ஒட்டக உறவைவிட இன்றைய ஒட்டகங்களுக்கே நெருங்கிய சொந்தம் என்று 2015-இல் காட்டினார்கள். 2013-இல் வெளியான இன்னொரு செய்தியும் உண்டு. வடதுருவத்தை ஒட்டிய எல்ஸ்மியர் தீவில், சுமார் 35 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய ஒட்டகக் கால் எலும்புத் துண்டுகள். அன்று அங்கே காடு இருந்தது. குளிர்காலத்தில் மாதக்கணக்கில் இருட்டு. கொழுப்புத் திமிலும் அகன்ற பாதமும் பனியில் பிழைக்க உதவியிருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். பாலைவனத்துக்கென்றே வந்தது திமில் என்று நம்பியிருந்த எனக்கு இது பெரிய திருப்பம். சிறிய திமிலைத் தனியாகச் செய்து, கம்பி முளையில் சொருகிக் கழற்றும்படி வைத்துவிட்டேன். எலும்பு சொல்லாததை நான் மண்ணில் இறுக்கி ஒட்டக்கூடாது என்று பட்டது.

இந்தக் குடும்பம் பிறந்த வட அமெரிக்காவில் இன்று காட்டு இனம் ஒன்றுகூட இல்லை. ஆசியாவுக்குக் கடந்தவையும் தெற்கே ஆண்டிஸ் பக்கம் போனவையும்தான் பிழைத்தன. ஆகவே கடைசி இரண்டு உருவம், கோபிப் பாலைவனத்தின் காட்டு இரட்டைத் திமில் ஒட்டகமும் தென் அமெரிக்கக் குவானாகோவும். கோபியில் மிஞ்சியிருப்பவை ஆயிரம் அளவில்தான். உப்புநீரைக் குடித்தும் வாழ்கின்றன. லடாக் நூப்ராவில் சவாரிக்கு நிற்கும் வளர்ப்பு ஒட்டகத்தைப் பார்த்து இதைச் செய்ய முடியாது. காட்டு இனத்துக்கு உடம்பு ஒல்லி, திமில்கள் சிறிய கூம்பு. அந்தக் கூம்புகள் இரண்டும் இன்று காலை ஈரத்துணிக்குள் போயிருக்கின்றன. வியாழக்கிழமை திறக்கிறேன்.